மேன்பவர் பிள்ளைகளுக்கு யார் பொறுப்பு?

பதுளையிலிருந்து பசறை வழியாக மட்டக்களப்புப் பக்கம் இறங்கும் வீதியில் இருக்கிறது லுணுகலை. சுற்றிலும் ஹொப்டன், அடாவத்தை போன்ற தோட்டங்கள். நான் போன லயங்களில், ஒரு பெண்பிள்ளையாவது ‘காமன்ட்ஸ்’ வேலைக்குப் போகாத வீடு குறைவு. கொழுந்துக்கூடை இல்லை, அட்டைக்கடி இல்லை, மாதம் முடிந்தால் கையில் சம்பளம் என்கிறார்கள் தாய்மார். தோட்டத்து நாட்சம்பளம் 1,000 ரூபாவைத் தொட 2021 வரை காத்திருந்தவர்கள் அவர்கள். அந்த முடிவைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை.

கட்டுநாயக்க வர்த்தக வலயம் 1978இல் தொடங்கியது. 1992இல் பிரேமதாச அரசின் 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் இந்தத் தொழிலைக் கிராமங்களுக்குக் கொண்டுபோனது. போருக்குப் பின் அது கிளிநொச்சிக்கும் வந்தது. 1977, 1983 கலவரங்களில் மலையகத்தை விட்டு வன்னிக்குப் போன குடும்பங்களின் பேத்திமாரும் இன்று அதே தையல் இயந்திரத்தின் முன் இருக்கிறார்கள்.

2013 ஏப்ரல் 24 அன்று பங்களாதேஷில் ரானா பிளாசா இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எங்கள் உற்பத்தியாளர்களோ 2006 முதலே ‘குற்றவுணர்வற்ற ஆடைகள்’ என்று உலகச் சந்தையில் பிரசாரம் செய்துவந்தார்கள். கட்டடங்களைப் பொறுத்தவரை அதில் உண்மை உண்டு. இங்கே ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது.

மணிக்கு இத்தனை துண்டு என்ற ‘டார்கெட்’டுக்காகத் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். ஒருநாள் லீவு எடுத்தால் வருகைக் கொடுப்பனவு வெட்டப்படும். அதனால் காய்ச்சலோடும் லைனில் நிற்கிறார்கள். 2020 ஒக்டோபரில் மினுவாங்கொடைத் தொழிற்சாலையில் கொரோனா பரவியபோது, கட்டுநாயக்கப் பகுதி போர்டிங்குகளில் இருந்தவர்களை இராணுவத்தினர் பஸ்களில் ஏற்றிப்போனார்கள். சுற்றிவளைப்பை அறிந்த எமக்கு அந்தக் காட்சியை விளக்கத் தேவையில்லை.

எல்லோரிலும் பலவீனமானவர்கள் ‘மேன்பவர்’ முகவர் மூலம் நாட்கூலிக்குப் போகிறவர்கள். இன்று ஒரு தொழிற்சாலை, நாளை இன்னொன்று. நியமனக் கடிதம் கிடையாது. விரலில் ஊசி ஏறினால் முகவர் தொழிற்சாலையைக் காட்டுவார், தொழிற்சாலை முகவரைக் காட்டும். லுணுகலையில் நான் சந்தித்த ஒரு பிள்ளைக்குத் தான் தைத்த இடத்தின் பெயர்கூடச் சரியாகத் தெரியவில்லை. நாட்சீட்டு எல்லாம் சிங்களத்தில் இருந்ததாம்.

சட்டம் அவர்களைக் கைவிடவில்லை, அதைச் சொல்ல ஆளில்லை. ஊழியர் சேமலாப நிதி தற்காலிக, ஒப்பந்த, நாட்கூலி ஊழியர்களுக்கும் முதல் நாளிலிருந்தே உரியது: தொழிலாளி 8, தொழில்தருநர் 12 வீதம். நம்பிக்கை நிதிக்கு இன்னும் 3 வீதம், அதைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. வேலையில் காயப்பட்டால் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் இருக்கிறது. 2022 திருத்தத்தின்படி உச்சத்தொகை 20 இலட்சம் ரூபா, வேலைக்குப் போய்வரும் வழியில் நடக்கும் விபத்தும் அதற்குள் அடங்கும்.

வேலைசெய்த திகதி, தொழிற்சாலைப் பெயர், முகவரின் போன் இலக்கம் மூன்றையும் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தாலே தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு செய்யலாம். பதுளையிலும் அலுவலகம் இருக்கிறது. முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதிக் கொடுங்கள்; தமிழிலேயே பதில் கேளுங்கள்.