ஒரே பிராண்டு தோட்டாதானே, ஏன் 'லாட்' நம்பர் பார்க்கிறார்கள்?

பெங்களூரில் ரைஃபிள் ரேஞ்சுக்குப் போகும் நண்பர் உங்களுக்கு இருந்தால் கேட்டுப் பாருங்க: தோட்டாப் பெட்டியில் லாட் நம்பரைத் தேடுவார்.

பாயின்ட் 22 தோட்டாவில் வழக்கமாக 2.6 கிராம் ஈயக் குண்டு, பின்னால் கொஞ்சம் மருந்து. இரண்டில் எது துளி மாறினாலும் வேகம் மாறும். நொடிக்கு 330 மீட்டர் வேகம் 320 ஆனால், 50 மீட்டர் தூரத்தில் குண்டு சுமார் 7 மி.மீ. கீழே விழும். 10 புள்ளி வட்டத்தின் விட்டமே 10.4 மி.மீ.தான்!

2012 லண்டன் ஒலிம்பிக்கில், 50 மீட்டர் படுத்துச் சுடும் பிரிவில் ஜாய்தீப் கர்மாக்கர் வெண்கலத்தைத் தவறவிட்டது 1.9 புள்ளியில். (தோட்டாதான் காரணம்னு சொல்லல. இடைவெளி எவ்வளவு சின்னது பாருங்க.)

ரீலோடு செய்து நாமே சரிபண்ணலாமே? இந்த வகையில் அது நடக்காது. பற்றவைக்கும் மருந்து கூட்டின் விளிம்புக்குள் இருக்கிறது. ஒருமுறை சுட்டதும் விளிம்பு நசுங்கிவிடும். அதனால்தான் வீரர்கள் பல லாட்களைத் தங்கள் ரைஃபிளிலேயே சுட்டுப் பார்த்து, ஓட்டைகள் நெருக்கமாக விழும் லாட்டை மொத்தமாக வாங்கி வைக்கிறார்கள்.