டிக்கெட் அடித்தார்கள், சண்டை நடக்கவில்லை

குத்துச்சண்டையில் சம்பியன் யாரோடு மோதுவார் என்பதைப் பெரும்பாலும் மேடைக்கு வெளியே நிற்கிற ஒருவர்தான் தீர்மானிக்கிறார். புரமோட்டர். அரங்கு பிடிப்பது, இரண்டு பக்கத்துக்கும் காசு பேசுவது, டிக்கெட் விற்பது எல்லாம் அவர் பொறுப்பு. நட்டம் வந்தாலும் அவர் தலையில்தான்.

1920களின் அமெரிக்காவில் இந்த வேலையில் பெரிய ஆள் டெக்ஸ் ரிக்கார்ட். சனம் திறமையைப் பார்க்க மட்டும் வருவதில்லை, ஒரு பகையைப் பார்க்கவும் வரும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அதிபார எடைச் சம்பியன் ஜக் டெம்ப்சி மீது, முதலாம் உலகப்போரில் படைக்குப் போகாமல் தப்பியவர் என்ற பழி இருந்தது. 1920இல் நீதிமன்றம் விடுவித்தும் பேச்சு ஓயவில்லை. ரிக்கார்ட் அந்தப் பழியையே முதலாக்கினார். எதிராளியாகக் கொண்டுவந்தது பிரான்சின் ஜோர்ஜ் கார்ப்பென்தியேயை: போரில் விமானம் ஓட்டிப் பதக்கம் வாங்கியவர், ஆள் அழகனும்கூட. ஒரே குறை, டெம்ப்சியைவிட எடை நல்லாவே குறைவு. அதனாலென்ன? 1921 ஜூலை 2, ஜேர்சி சிற்றியில் இதற்கென்றே கட்டிய மர அரங்கில் ஏறத்தாழ 80,000 பேர். வசூல் 17 இலட்சம் டொலருக்கு மேல். அதுவரை எந்தக் குத்துச்சண்டையும் 10 இலட்சத்தைத் தொட்டதில்லை. நாலாவது சுற்றில் கார்ப்பென்தியே விழுந்தார்.

இந்த நேரமெல்லாம் உண்மையான எதிராளி ஒருவர் காத்துக்கொண்டிருந்தார். ஹரி வில்ஸ், நியூ ஓர்லியன்ஸ்காரர், கறுப்பினத்தவர்.

1910இல் ரீனோவில் கறுப்பினச் சம்பியன் ஜக் ஜோன்சன், வெள்ளையரான ஜெஃப்ரீஸைத் தோற்கடித்தார். அந்தச் சண்டையை நடத்தியதும் ரிக்கார்ட்தான், நடுவராக நின்றதும் அவரே. அன்றிரவு பல நகரங்களில் கறுப்பின மக்கள் தாக்கப்பட்டார்கள், உயிர்கள் போயின. 1915இல் ஜோன்சன் பட்டத்தை இழந்தபின், அதிபார எடைப் பட்டத்துக்கு எந்தக் கறுப்பினத்தவருக்கும் வாய்ப்புக் கொடுக்கவில்லை.

வில்ஸுக்கும் நேரே "இல்லை" என்று ஒருவரும் சொல்லவில்லை. எனக்கு இதுதான் ஆகக் கொடுமையாகப் படுகிறது. 1922இல் ஒப்பந்தம் எழுதினார்கள். 1924இல் ரிக்கார்ட் டிக்கெட்டே அச்சடித்துவிட்டார். 1925இல் வேறொரு புரமோட்டர் முன்வந்தார். டெம்ப்சிக்கான முற்பணம் வந்து சேராததால் அதுவும் குழம்பியது. ஒவ்வொரு முறையும் ஒரு காரணம். நான் ரெடி என்றார் டெம்ப்சி. அரசியல்வாதிகள் விடவில்லை என்றார் ரிக்கார்ட். ரெண்டும் முழுப்பொய் இல்லை, அதுதான் வசதி.

1926இல் நியூயோர்க் ஆணைக்குழு, முதலில் வில்ஸோடு மோதச் சொன்னது. ரிக்கார்ட் என்ன செய்தார்? சண்டையைத் தூக்கிக்கொண்டு பிலடெல்பியாவுக்குப் போனார். எதிராளி ஜீன் டன்னி, வெள்ளையர், முன்னாள் மரைன் படை வீரர். கிட்டத்தட்ட 1,20,000 பேர் பார்க்க டெம்ப்சி பட்டத்தை இழந்தார். அடுத்த மாதம் 37 வயது வில்ஸ், ஜக் ஷார்க்கியிடம் தோற்றார். பிறகு அவர் பேச்சை எடுக்கவே யாருக்கும் தேவை இருக்கவில்லை.

வில்ஸ் ஹார்லெமில் வீடு, காணி வியாபாரம் செய்து நன்றாகவே வாழ்ந்தார். அந்தப் பட்டம் மறுபடி ஒரு கறுப்பினத்தவர் கைக்கு வந்தது 1937இல், ஜோ லூயிஸ் மூலம்.