கனடா நிரந்தர வதிவிடம்: வேலைக் கடிதத்துக்கு இனித் தரவரிசைப் புள்ளி இல்லை

கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறை 2015 ஜனவரியில் தொடங்கியது. வயது, கல்வி, மொழித்திறன், வேலை அனுபவம் எனப் புள்ளிகள், உச்சம் 1200. போரில் இழந்தவற்றுக்கு இதில் இடமில்லை.

நம்மவர்களைப் பாதிப்பது வயதுதான். தனியாக விண்ணப்பிப்பவருக்கு 20 முதல் 29 வயதுவரை 110 புள்ளிகள், 35இல் 77, 40இல் 50, 45இல் பூச்சியம். இடம்பெயர்ந்து பிந்திப் படித்தவர் இங்கேதான் இழக்கிறார். மொழிப் பரீட்சையை மீண்டும் எழுதி ஓரளவு ஈடுசெய்யலாம்.

முகவர்கள் காட்டும் வேலைக் கடிதத்தை நம்பிக் காணியை ஈடுவைக்காதீர்கள். 2025 மார்ச் 25 முதல் அதற்கான தரவரிசைப் புள்ளிகள் நீக்கப்பட்டுவிட்டன. பெயர் பதியக் கட்டணமும் இல்லை.

அழைப்பு வந்தால் 60 நாட்களுக்குள் முழு விண்ணப்பமும் போகவேண்டும். தொலைந்த பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் இப்போதே எடுத்து, கடவுச்சீட்டிலுள்ள பெயரோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.