கேப்பிபாராவும் மலையடிவார முள்ளம்பன்றியும்

வட்டக்கோட்டை மதில்மேல் நின்றால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடி. அந்த மலையடிவார விளைகளில் இரவில் இறங்கி மரச்சீனிக் கிழங்கைத் தோண்டித் தின்னும் முள்ளம்பன்றிதான் இந்தியாவின் மிகப் பெரிய கொறிவிலங்கு. பன்றிக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. தென் அமெரிக்கக் கொறிவிலங்கான கேப்பிபாராதான் அதற்குச் சொந்தம். எலியைவிட இவை இரண்டும் ஒன்றுக்கொன்று நெருக்கமானவை. குட்டிகளைப் பார்த்தாலே தெரியும். எலிக்குஞ்சு கண் திறக்காமல் பிறக்கிறது. இவற்றின் குட்டிகளோ கண் திறந்தே பிறக்கின்றன. முள்ளம்பன்றிக் குட்டியின் மெல்லிய முட்கள் சில மணி நேரத்தில் விறைத்துவிடும். கேப்பிபாராக் குட்டி ஒரு வாரத்துக்குள் புல் மேயும்.

முள்ளம்பன்றி 11 முதல் 18 கிலோ. கேப்பிபாரா 50 கிலோவையும் தாண்டும். இந்த வித்தியாசம் ஏன்? ஏறத்தாழ நாலு கோடி ஆண்டுகளுக்கு முன் கொறிவிலங்குகள் தென் அமெரிக்காவில் கால்வைத்தபோது அங்கே மானும் இல்லை, மாட்டினமும் இல்லை. புல்வெளியும் ஆற்றங்கரையும் கிடைக்க, அவை பெருத்தன. உருகுவேயில் கிடைத்த, 2008இல் பெயரிடப்பட்ட ஒரு புதைபடிவ இனம் ஒரு டன் எடை இருந்திருக்கலாம் என்கிறார்கள். இங்கே மேய்ச்சலை மிளாவும் காட்டுமாடும் எடுத்துக்கொண்டன. முள்ளம்பன்றிக்கு வேரும் கிழங்கும் மிஞ்சின.

ஆபத்தில் தப்பும் வழியும் அப்படித்தான் பிரிந்தது. கேப்பிபாரா தண்ணீரில் பாயும். கண், காது, மூக்கு மூன்றும் தலையின் மேற்புறத்தில் இருப்பதால் உடலை அமிழ்த்திக்கொண்டே கரையைக் கவனிக்கும், ஐந்து நிமிடம் வரை மூழ்கியும் கிடக்கும். முள்ளம்பன்றி ஓடி ஒளிவதோடு நிற்பதில்லை. வால்முட்களைக் கலகலவென்று ஆட்டி எச்சரிக்கும்; எதிரி விலகாவிட்டால் பின்பக்கமாகப் பாய்ந்து குத்தும். முள்ளை எய்யும் என்பது வெறும் பேச்சு. ஆனால் குத்து பொல்லாதது: ஜிம் கார்பெட் சுட்ட முக்தேசர் ஆட்கொல்லிப் பெண்புலி, முள்ளம்பன்றியிடம் ஒரு கண்ணை இழந்திருந்தது.

வெனிசுவேலாவின் புல்வெளிகளில் கேப்பிபாராவை இறைச்சிக்காகக் கூட்டமாக வேட்டையாடுகிறார்கள். ஓர் ஈற்றுக்கு நாலு குட்டிபோல ஈனுவதால் அது ஈடுகட்டுகிறது. முள்ளம்பன்றி பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான் ஈனும்; அதனால் அப்படி ஈடுகட்ட முடியாது. கிழங்கு போவது விவசாயிக்கு உண்மையான நட்டம்தான். இழப்பீடு கேட்பது நியாயம். சுருக்குக் கம்பியும் மின்வேலியும் வேண்டாம். 1972ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி முள்ளம்பன்றியை அப்படிக் கொல்வது குற்றமும்கூட.