டிஎன்ஏ ஒட்டு முனைகளின் வரலாறு

இரண்டு டிஎன்ஏ துண்டுகள் ஒட்டு முனைகளால் இணைய வேண்டுமானால், ஒன்றின் முடிவும் அடுத்ததன் தொடக்கமும் ஒரே எழுத்து வரிசையாக இருக்க வேண்டும். அந்த இடத்தில் ஒற்றை இழைகள் வெளிப்பட்டால் டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் ஏ டி-யையும், ஜி சி-யையும் பற்றிக்கொள்ளும்; துண்டுகள் ஒட்டும். இத்தகைய முனைகள் முதலில் இயற்கையில் காணப்பட்டன. பிறகு நொதியால் வெட்டிப் பெறப்பட்டன. இப்போது பிரைமர் என்னும் குறு இழையில் ஆய்வாளரே எழுதிச் சேர்க்கிறார்.

பாக்டீரியாவைத் தாக்கும் லாம்டா வைரஸின் டிஎன்ஏ தன் முனைகளாலேயே ஒட்டிக்கொள்வதை ஆல்ஃபிரட் ஹெர்ஷேயின் குழு 1963-இல் அறிவித்தது. அம்முனைகள் 12 எழுத்து நீளமுள்ள ஒற்றை இழைகள். ஒட்டிய பின்னும் இழையில் எஞ்சும் பிளவை மூடும் லைகேஸ் நொதியை 1967-இல் பல ஆய்வகங்கள் தனித்தனியே கண்டுபிடித்தன.

முனைகளை மனிதர் வகுத்த முதல் பெருமுயற்சி ஹர் கோபிந்த் குரானாவுடையது. அவர் குழு வேதிமுறையில் குறு இழைகளைச் செய்தது. ஒவ்வொரு இழையும் எதிர் இழைகள் இரண்டின்மேல் பாதிப்பாதியாகப் படியும்படி வரிசைகளைத் திட்டமிட்டு, லைகேஸால் மூட்டியது. ஈஸ்டின் அலனைன் டிஆர்என்ஏ மரபணு, 77 எழுத்து இணைகளுடன், 1970-இல் இவ்வாறு உருவானது. வேதிமுறையில் செய்யப்பட்ட முதல் முழு மரபணு அதுவே.

ஈகோ ஆர்ஐ நொதி வெட்டிய துண்டுகளில் நான்கு எழுத்து ஒட்டு முனை மிஞ்சுவது 1972-இல் தெரிந்தது. அடுத்த ஆண்டே ஸ்டான்லி கோஹனும் ஹெர்பர்ட் பாயரும் அம்முனைகளைக் கொண்டு பிளாஸ்மிட்கள் எனப்படும் பாக்டீரிய வட்ட டிஎன்ஏக்களை இணைத்தனர். ஆனால் நொதி தனக்குரிய வரிசை உள்ள இடத்தில்தான் வெட்டும். வேண்டிய இடத்தில் அவ்வரிசை இல்லாமலும், வேண்டாத இடமான மரபணுவின் நடுவில் இருந்தும் தொல்லை தந்தது.

இந்தக் கட்டைத் தளர்த்தியது கேரி மல்லிஸ் 1983-இல் கண்ட, டிஎன்ஏவை நகலெடுக்கும் பிசிஆர் முறை. பிரைமரின் 3′ முனையிலிருந்துதான் புது இழை வளரும். ஆகவே அந்த முனை மட்டும் மூல இழையில் பொருந்தினால் போதும். 5′ பக்கத்தில் தொடர்பில்லாத வரிசை வாலாகத் தொங்கினாலும் நகலெடுப்பு நிற்காது. அடுத்த சுற்றில் வாலும் நகலாகிவிடும். அந்த வாலில் அண்டைத் துண்டின் வரிசையை எழுதினால், வெட்டாமலே பொது முனை கிடைக்கும். அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் 1989-இல் வெளியிட்ட முறை இதுதான். இரு நகல்களையும் கலந்து சூடாக்கி ஆற்றினால், பொது வரிசையில் படிந்த இழைகள் ஒன்றுக்கொன்று பிரைமராகி நீண்டு ஒரே துண்டாகும்.

பிரைமர் வடிவமைப்பின் விதிகள் இதிலிருந்தே பிறந்தன. 3′ பக்கத்தில் 18 முதல் 25 எழுத்துகள் மூல இழைக்கு. 5′ பக்கத்தில் 15 முதல் 40 எழுத்துகள் அண்டைத் துண்டுக்கு. முதல் சுற்றுகளில் வால் எதிலும் ஒட்டாது என்பதால், படியவைக்கும் வெப்பநிலையை 3′ பகுதியை மட்டும் வைத்தே கணக்கிட வேண்டும். எதிர்ப்புறப் பிரைமரில் இணை எழுத்துகளைத் தலைகீழ் வரிசையில் எழுத வேண்டும். பழகாதவர் அடிக்கடி தவறுவது இங்கேதான். வால் தன்மேலேயே மடிந்து ஒட்டும் வரிசையும் ஆகாது.

வாலெழுதும் உத்தி அப்படியே நிற்க, மூட்டும் முறையை 2009-இல் டேனியல் கிப்சன் எளிதாக்கினார். ஒரே குழாயில், 50 டிகிரி செல்சியஸில் மூன்று நொதிகள் வேலை செய்கின்றன. ஒன்று 5′ முனைகளை அரித்துப் பொது வரிசையை வெளிப்படுத்தும். இழைகள் படிந்ததும் பாலிமரேஸ் இடைவெளியை நிரப்பும். லைகேஸ் பிளவை மூடும். ஒரு மணி நேரத்துக்குள் பல துண்டுகள் வரிசையாகச் சேர்ந்துவிடும்.

கிப்சன் பணியாற்றிய ஜே. கிரெய்க் வென்டர் நிறுவனம் 2010-இல் ஒரு பாக்டீரியாவின் முழு மரபணுத் தொகுதியைச் செயற்கையாக அமைத்தது. சுமார் 10.8 லட்சம் எழுத்து இணைகள் கொண்ட அத்தொகுதி 1,078 துண்டுகளிலிருந்து தொடங்கி, ஈஸ்ட் செல்களுக்குள் படிப்படியாக இணைக்கப்பட்டது. அண்டைத் துண்டுகளுக்குப் பொதுவாக இருந்தவை 80 எழுத்துகள்.