உளவியல் இளநிலைப் பட்டப்படிப்பு: இந்தியாவில் திட்டமிடல்

உளவியல் இளநிலைப் பட்டப்படிப்பு என்பது மனிதரின் நடத்தையையும், அதற்கு அடிப்படையான புலனுணர்வு, கற்றல், நினைவு, சிந்தனை, மனவெழுச்சி ஆகியவற்றையும் அறிவியல் முறையில் ஆராயப் பயிற்றுவிக்கும் கல்லூரிப் படிப்பாகும். இந்தியாவில் இது பி.ஏ., பி.எஸ்சி. என இரு பெயர்களிலும் வழங்கப்படுகிறது. மருத்துவப் பட்டமோ சட்டப் பட்டமோ பெற்றவர் உரிய பதிவுக்குப்பின் தொழிலில் இறங்கிவிட முடிகிறது. உளவியலின் பொதுவான இளநிலைப் பட்டமோ எந்தத் தொழில் உரிமத்தையும் தருவதில்லை. இந்த ஒரு வேறுபாட்டை அறியாமல் சேர்வோரே மூன்றாம் ஆண்டின் இறுதியில் பெரிதும் ஏமாற்றம் அடைகின்றனர். ஆகவே இப்படிப்பைத் திட்டமிடுவோர் முதலில் தாம் சென்று சேர விரும்பும் பணியைத் தீர்மானித்து, அதற்குத் தேவையான முதுநிலைத் தகுதியை அறிந்து, அங்கிருந்து பின்னோக்கி வந்து கல்லூரியையும் பாடங்களையும் தெரிவு செய்வதே முறையாகும்.

வில்ஹெல்ம் வுண்ட் 1879-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் நிறுவிய ஆய்வுக்கூடத்தையே நவீன உளவியலின் தொடக்கமாகக் கொள்வது வழக்கம். இந்தியாவில் முதல் தனி உளவியல் துறை 1916-இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில், ஹார்வர்டில் பயின்று திரும்பிய நரேந்திரநாத் சென்குப்தாவின் தலைமையில் அமைந்தது. 1924-இல் மைசூர்ப் பல்கலைக்கழகத்திலும், 1943-இல் ஜி. டி. போவாஸ் தலைமையில் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் துறைகள் தோன்றின. தத்துவத் துறைகளின் அணைப்பில் பிறந்து, ஆய்வுக்கூட அறிவியலாக வளர்ந்த இந்த இரட்டை மரபே பட்டத்தின் பெயர் இரண்டாக நிற்பதற்குக் காரணம் எனலாம். மேற்படிப்புக்குப் பொதுவாக இரண்டும் ஏற்கப்படுவதால் பெயரைப் பற்றிய கவலை தேவையற்றது. எத்தனை பருவங்களுக்குப் புள்ளியியல் கற்பிக்கப்படுகிறது, செய்முறைத் தாள்கள் எத்தனை, ஆய்வேடு உண்டா என்பவற்றைப் பாடத்திட்டத்தில் பார்ப்பதே பயனுடையது.

சேர்க்கைக்குப் பெரும்பாலான கல்லூரிகள் மேல்நிலை வகுப்பின் எந்தப் பிரிவினரையும் ஏற்கின்றன. மத்தியப் பல்கலைக்கழகங்களில் 2022 முதல் பொது நுழைவுத்தேர்வு நடைமுறையில் உள்ளது. அதில் உளவியலும் ஒரு தேர்வுப் பாடமாகும். மத்திய இடைநிலைக் கல்வி வாரியப் பள்ளிகளில் உளவியலை விருப்பப் பாடமாகப் படிக்க வழியிருந்தாலும், படிக்காமல் வருவோருக்குக் குறையொன்றும் இல்லை. முதற்பருவம் அடிப்படையிலிருந்தே தொடங்குகிறது. உயிரியல் படித்தோர்க்கு மூளை, நரம்பு மண்டலம் பற்றிய தாளும், கணிதம் படித்தோர்க்குப் புள்ளியியலும் சற்று எளிதாக அமையும்.

பாடத்திட்டத்தின் மையத்தில் பொது உளவியல், உடலியங்கியல் சார்ந்த உளவியல், வளர்ச்சி உளவியல், சமூக உளவியல், ஆளுமைக் கோட்பாடுகள், பிறழ்நிலை உளவியல் ஆகியவை இடம்பெறுகின்றன. பிறழ்நிலை உளவியல் என்பது மனக்கோளாறுகளின் வகை, அறிகுறி, காரணம் ஆகியவற்றை விளக்கும் பிரிவு. மாணவர் பலரை இத்துறைக்கு ஈர்ப்பது இதுவே என்றாலும், பாடத்திட்டத்தில் அதன் பங்கு அவர்கள் எண்ணுவதைவிடச் சிறியது. மாறாக, அவர்கள் எதிர்பாராத செய்முறை வகுப்புகளே இப்படிப்பின் தனித்தன்மையை உணர்த்துகின்றன. சம நீளமுள்ள இரு கோடுகள், முனையிலுள்ள அம்புக்குறிகளின் திசையால் நீளம் வேறுபட்டுத் தோன்றும் முல்லர்-லையர் மாயையில் பிழையின் அளவைக் கணக்கிடுதல், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து நட்சத்திர வடிவின் மீது பென்சிலை ஓட்டிக் கற்றலின் முன்னேற்றத்தை வரைபடமாக்குதல், எபிங்ஹாஸ் 1885-இல் வெளியிட்ட நினைவு ஆய்வின் வழியில் பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்யவைத்து மறதியை அளத்தல் போன்றவை இவ்வகுப்புகளில் நெடுங்காலமாக இடம்பெற்று வருகின்றன. ஒவ்வொன்றின் நோக்கம், கருதுகோள், செய்முறை, முடிவு ஆகியவற்றை ரெக்கார்டு நோட்டில் எழுதுவது சடங்காக மாறிவிடுவதும் உண்டு. ஒழுங்காகச் செய்தால் அதுவே ஆய்வுக் கட்டுரை எழுதுவதற்கான முதற்பயிற்சியாகிறது.

உளவியல் சோதனைகள் பற்றிய தாளில் மூன்று கருத்துகள் அடிப்படையானவை. ஒரே நபரை மீண்டும் சோதித்தால் ஏறத்தாழ அதே மதிப்பெண் வருவது நம்பகத்தன்மை எனப்படும். சோதனை தான் அளப்பதாகக் கூறுவதையே உண்மையில் அளப்பது ஏற்புடைமை எனப்படும். ஒருவரின் மதிப்பெண்ணை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென ஒரு மக்கள்தொகையிடமிருந்து திரட்டப்பட்ட அளவுகோல் நியமம் எனப்படும். வேறொரு நாட்டுக் குழந்தைகளின் நியமத்தைக் கொண்டு இந்தியக் குழந்தையின் நுண்ணறிவை மதிப்பிடுவது தவறான முடிவுக்கு இட்டுச் செல்லும் என்பதாலேயே பினே-காமத் சோதனை, பாட்டியாவின் சோதனைத் தொகுதி, வெக்ஸ்லர் சோதனைக்கு மாலின் செய்த இந்தியத் தழுவல் போன்றவை இங்கு உருவாயின. அவற்றின் நியமங்களும் காலத்தால் பழமை அடைந்துவிட்டன என்பதை நல்ல ஆசிரியர் வகுப்பிலேயே சுட்டிக்காட்டுவார்.

மாணவர் அஞ்சி ஒதுக்கும் புள்ளியியலும் ஆய்வு முறையியலுமே இப்படிப்பின் முதுகெலும்பு. 2015-இல் வெளியான பன்னாட்டுக் கூட்டாய்வு ஒன்று, முன்னர் இதழ்களில் வெளிவந்திருந்த 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தபோது, மூல ஆய்வுகளில் 97 விழுக்காடு புள்ளியியல் நோக்கில் குறிப்பிடத்தக்க முடிவைக் காட்டியிருக்க, திரும்பச் செய்தவற்றில் 36 விழுக்காடே அவ்வாறு காட்டின. பாடநூலில் அச்சான கண்டுபிடிப்பு அனைத்தும் உறுதியானதல்ல என்பதை இது வெளிப்படையாக்கியது. மாதிரியின் அளவு போதுமானதா, இரு மாறிகள் சேர்ந்து மாறுவதைக் காரணத் தொடர்பாகக் கொள்ளலாமா என்று கேட்கத் தெரியாத பட்டதாரி, உளவியலைப் பற்றிப் பேசக் கற்றவரே அன்றி உளவியல் கற்றவர் ஆகார். இத்தாள்களைத் தேர்ச்சிக்கு மட்டும் படித்துக் கடந்தவர்கள் முதுநிலையில் அவற்றையே மீண்டும் முதலிலிருந்து படிக்க நேர்கிறது.

பட்டத்தின் காலஅளவும் இப்போது திட்டமிடலுக்குரிய பொருளாகியுள்ளது. பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் வெளியிட்ட பாடத்திட்டச் சட்டகத்தின்படி 120 மதிப்புப்புள்ளிகளுடன் மூன்றாண்டில் பட்டம் பெறலாம்; 160 புள்ளிகளுடன் நான்காண்டு படித்தால் சிறப்புப் பட்டம் கிடைக்கும். முதல் ஆறு பருவங்களில் 75 விழுக்காடு பெற்றவர் நான்காம் ஆண்டில் ஆய்வேட்டுடன் கூடிய சிறப்புப் பட்டம் பெறலாம். நான்காண்டு முடித்தவர்க்கு முதுநிலைப் படிப்பு ஓராண்டாகக் குறையக்கூடும். இச்சட்டகத்துக்கு அடிப்படையான தேசியக் கல்விக் கொள்கையைத் தமிழ்நாடு அரசு ஏற்காததால், மாநிலப் பல்கலைக்கழகங்களோடு இணைந்த கல்லூரிகளில் மூன்றாண்டு முறையே பெரும்பாலும் தொடர்கிறது. பிற மாநிலத்தில் ஓராண்டு முதுநிலை பயில எண்ணுவோர் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

மருத்துவ உளவியலர் ஆவதே நோக்கமெனில் பாதை நீண்டது. மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநல மருத்துவத்தில் மேற்பட்டம் பெற்று மருந்து எழுதித் தருபவர்; மருத்துவ உளவியலர் உளவியல் வழி வந்து, மதிப்பீடும் உளச்சிகிச்சையும் அளிப்பவர். மருத்துவ உளவியலருக்கான பயிற்சி இந்தியாவில் 1955-இல் பெங்களூரில், இன்று நிம்ஹான்ஸ் எனப்படும் நிறுவனத்தின் முன்னோடியில், பட்டயப் படிப்பாகத் தொடங்கியது. 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த இந்திய மறுவாழ்வுக் குழு இத்தொழிலினரைப் பதிவேட்டில் சேர்க்கிறது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும், அக்குழு ஏற்ற நிறுவனத்தில் பெற்ற தகுதியையோ, முதுநிலைப் பட்டத்துக்குப்பின் மேற்பார்வையுடன் கூடிய ஈராண்டு முழுநேர எம்.ஃபில். பயிற்சியையோ மருத்துவ உளவியலர்க்குரிய இலக்கணமாக வரையறுக்கிறது. 2022-இல் எம்.ஃபில். பட்டம் பொதுவாக நிறுத்தப்பட்டபோதும், மருத்துவ உளவியலுக்கு அது 2025-26 கல்வியாண்டு வரை நீட்டிக்கப்பட்டது. விதிகள் மாறிவரும் காலமாதலால், மூத்த மாணவரின் அனுபவத்தை மட்டும் நம்பித் திட்டமிடுவது ஆபத்தானது.

ஆற்றுப்படுத்துநர், பள்ளி உளவியலர், நிறுவன மனிதவளப் பணி, சந்தை ஆய்வு, சிறப்புக் கல்வி, சமூகப் பணி ஆகியவை பிற வழிகள். 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவரைக் கொண்ட கல்வி நிறுவனங்கள் தகுதிபெற்ற ஆற்றுப்படுத்துநர், உளவியலர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையேனும் நியமிக்க வேண்டுமென உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் வழிகாட்டியதால் கல்வித்துறையில் தேவை பெருக இடமுண்டு. ஆயினும் இளநிலை மாணவர் தம் பயிற்சிக் காலத்தில் நோக்கவும், குறிப்பெடுக்கவும், மேற்பார்வையில் தரவு திரட்டவுமே உரியவர். சிகிச்சை அளிப்பது அறநெறிக்குப் புறம்பானது. சில வாரப் பயிற்சிக்குச் சான்றிதழ் தந்து ‘சிகிச்சையாளர்’ என்று அழைக்கும் படிப்புகளுக்குப் பணம் செலுத்துவது வீண்.

ஆங்கில வழியில் கற்றவர்களும், மனத்துயரைத் தமிழில் சொல்ல வருவோரிடமே பணியாற்ற வேண்டியிருக்கும் என்பதால், கலைச்சொற்களையும் வினாக்களையும் தமிழில் பழகிக்கொள்வது கல்லூரி நாள்களிலேயே தொடங்க வேண்டிய வேலை.

தொலைநிலைக் கல்வியை நம்பியிருந்தோர் ஒரு மாற்றத்தை அறிந்திருத்தல் அவசியம்: உளவியல் உள்ளிட்ட நலவாழ்வுத் துறைப் படிப்புகளைத் தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்துவதற்கு 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து பல்கலைக்கழக மானியக் குழு தடை விதித்துள்ளது. மருத்துவ உளவியலை நாடுவோர், எந்த நிறுவனத்துக்கும் கட்டணம் செலுத்துமுன் அதன் படிப்பு மறுவாழ்வுக் குழுவின் நடப்பு ஏற்புப் பட்டியலில் உள்ளதா என்பதைத் தாமே சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.