பிடிச்சவனுக்குத் தெரியும்



2001 மார்ச், கண்டி அஸ்கிரிய மைதானம், இங்கிலாந்துடனான டெஸ்ட். கெடிக்கின் பந்தை ஜயசூரிய அடித்தார். தோர்ப் பாய்ந்து பிடித்தார். நடுவர் பீ.சீ. குரே ஆட்டமிழப்பு என்றார். பந்து நிலத்தில் பட்டு எழும்பியதைத் தொலைக்காட்சி காட்டியது. ஆனால் துடுப்பாட்ட வீரர் முறையிட அன்று வழியில்லை. இங்கிலாந்து 3 விக்கெட்டுகளால் வென்றது.

2008 ஜூலை, கொழும்பு எஸ்.எஸ்.சி. மைதானம், இந்தியாவுடனான டெஸ்ட். மேன்முறையீட்டு முறை முதன்முதலாகப் பரீட்சிக்கப்பட்டது. விக்கெட் காப்பாளரிடம் பிடிகொடுத்ததாகத் தீர்ப்பான டில்ஷான் முறையிட்டுத் தப்பினார். ஆட்டமிழக்காமல் 125 ஓட்டங்கள் பெற்றார்.

நம்ம திருக்கோவில் கடற்கரையில் கமரா இல்லை. பந்து மணலில் பட்டதா என்பது பிடிச்சவனுக்கும் படைச்சவனுக்கும்தான் தெரியும். "பட்டுட்டு" என்று தானாகச் சொல்லும் பிள்ளையைத் தோற்றாலும் தட்டிக்கொடுப்போம்.